கப்பு, வளை, வரிச்சு: எங்கள் கரையில் மரச்சுவரின் கதை

எங்கள் நால்வரில் ஒருவருக்குக்கூட 2004 டிசம்பர் 26 ஞாபகம் இல்லை. இருவர் அப்போது கைக்குழந்தைகள், மற்ற இருவர் பிறக்கவே இல்லை. ஆனால் நால்வருக்கும் ஞாபகத்தில் இருக்கிற முதல் வீடு கிட்டத்தட்ட ஒன்றுதான். பலகைச் சுவர், தகரக் கூரை. பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காத சத்தம். அதை யாரும் 'வீடு' என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. 'சுனாமிக் கொட்டில்' என்பார்கள்.

போன விடுமுறையில் எங்களில் ஒருவனின் மூத்தம்மாவுக்குப் பின்வளவில் ஒரு சின்னக் குசினி தேவைப்பட்டது. கல்லில் கட்டினால் இவ்வளவு முடியும் என்று மேசன் ஒரு கணக்குச் சொன்னார். அதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். 2022க்குப் பிறகு சீமெந்தும் கம்பியும் என்ன விலைக்குப் போனது என்று இலங்கையில் வீடு கட்டத் தொடங்கிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்போதுதான் மூத்தப்பா வாய் திறந்தார்: "மரத்தில சட்டம் அடிச்சுப் பலகை போடுவம். நான் சொல்லித்தாறன், இவனுகள் அடிக்கட்டும்." எழுபது தாண்டிய ஓடாவி அவர். முழங்கால் வலி வந்த பிறகு உளியைத் தொடவில்லை.

மூத்தம்மா ஒரே வரியில் முடித்தார்: "சுனாமிக் கொட்டிலா? எனக்கு வேணாம்."

நாங்கள் இதை எழுதக் காரணம் அந்தப் பதில்தான். மரத்தால் சட்டம் கட்டி அதில் சுவர் எழுப்புவது எங்கள் கரைக்கு நேற்று வந்த வேலை இல்லை. தலைமுறை தலைமுறையாக எங்கள் ஆட்கள் குடியிருந்ததே அப்படிப்பட்ட சுவருக்குள்தான். பிறகு எப்படி அது ஏழ்மைக்கும் நிவாரணத்துக்கும் அடையாளமாகிப் போனது? ஒலுவிலில் கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு உளி பிடிக்கத் தெரியாது. வரலாறு கொஞ்சம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த விடுமுறையில் உளியோடு சேர்த்து வரலாற்றையும் முதலில் இருந்து படிக்கவேண்டி வந்தது.

சுவர் தாங்குகிறதா, சட்டம் தாங்குகிறதா

மூத்தப்பா முதல் நாள் எங்களைச் சுத்தியல் தொடவே விடவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "கூரைட பாரம் எதால நிலத்துக்கு எறங்குது?"

எல்லாமே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கல்வீட்டில் சுவரே பாரம் தாங்கும். கல்லை எடுத்தால் வீடு இல்லை. சட்டம் கட்டிய வீட்டில் பாரத்தைத் தாங்குவது மரம். பலகையோ தகரமோ களிமண்ணோ அதன் மேல் போர்த்திய தோல்தான். தோலைக் கழற்றிவிட்டு வேறொன்று போர்த்தலாம், எலும்பு அப்படியே நிற்கும்.

குசினி 8 அடிக்கு 6 அடி. நிலத்தில் கயிறு பிடித்து மூலை எடுத்தோம். ஒரு பக்கம் 6, மறு பக்கம் 8, குறுக்கே 10 வந்தால் மூலை நேராக இருக்கிறது. பத்தாம் ஆண்டுக் கணித பாடத்தில் பைதகரஸ் என்று மனப்பாடம் செய்தது, இங்கே கயிற்றில் வந்து நின்றது. மூத்தப்பாவுக்குப் பைதகரஸ் யாரென்று தெரியாது. "ஆறு எட்டு பத்து" என்பது மட்டும் தெரியும்.

மண்ணில் மரத்தை நேரே ஊன்றவில்லை. முதலில் இரண்டு வரி சீமெந்துக்கல் வைத்து, அதற்குள் இரும்புக் கம்பியை நிறுத்திக் கொங்கிறீட் ஊற்றினோம். கறையானும் மழைத்தண்ணியும் மரத்தைத் தொடக் கூடாது. கல்லுக்கு மேலே படுக்கையாகக் கீழ்ச் சட்டம், அதில் நிமிர்ந்த கால்கள், கால்களின் தலையில் மேல் சட்டம். எல்லாம் நாலுக்கு ரெண்டு அங்குல மரம். அந்தக் கால்களை நாங்கள் யூடியூப்பில் பார்த்து 'ஸ்டட்' என்று சொல்ல, மூத்தப்பா சிரித்தார். "காலுக்குக் கால் எண்டுதான் பேரு."

கால்களுக்கு இடையில் எவ்வளவு தூரம்? மூத்தப்பா 2 அடி என்றார். யூடியூப்பில் 16 அங்குலம் என்றார்கள். எது சரி என்று வாதாடிய பிறகுதான் விளங்கியது, இரண்டுமே ஒரே கணக்கில் வருபவை. கடையில் விற்கிற ஒட்டுப்பலகை 8 அடிக்கு 4 அடி. 8 அடி என்றால் 96 அங்குலம். 96ஐ 16ஆலும் பிரிக்கலாம், 24ஆலும் பிரிக்கலாம். எப்படி வைத்தாலும் பலகையின் விளிம்பு ஒரு காலின் மேல் வந்து விழும், ஆணி அடிக்க இடம் இருக்கும். 2 அடிக்கு ஒன்று என்றால் 8 அடிச் சுவருக்கு 5 கால். 16 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 7 கால். பாரம் கூடினால் கால் கூட வேண்டும். எங்கள் குசினிக்கு ஐந்து போதும்.

சட்டத்தை நிலத்தில் படுக்கவைத்துத்தான் அடித்தோம். 8 அடி நீளம், 7 அடி உயரம். அடித்து முடித்ததும் பார்வைக்கு நேராகவே இருந்தது. மூத்தப்பா டேப்பை எடுத்து மூலைக்கு மூலை அளக்கச் சொன்னார். ஒன்று 10 அடி 9 அங்குலம், மற்றது 10 அடி 6. மூன்று அங்குலம் சாய்ந்த சுவர்! "ஆணி நாலு மூலைலயும் இருக்கு, ஆனா சதுரம் நிக்காது மனே. முக்கோணம்தான் நிக்கும்." ஒரு மூலையைத் தள்ளி இரண்டு அளவும் ஒன்றாக வந்ததும், மேல் மூலையில் இருந்து கீழ்ச் சட்டத்துக்குச் சாய்வாக ஒரு கம்பு வைத்து அடித்தோம். அதற்குப் பிறகு நால்வரும் சேர்ந்து தள்ளியும் அது அசையவில்லை. அந்த ஒரு சாய்வுக் கம்பை விட்டுவிட்டால் வீடு முழுவதும் காற்றில் சாயும். வேலை தெரிந்தவன் கட்டினதா, அவசரத்தில் கட்டினதா என்று பார்க்க அந்த இடத்தைப் பார்த்தால் போதும் என்பார் மூத்தப்பா.

ஆணி இல்லாத வீடு

மூத்தப்பா பிறந்தது மண்வீட்டில். கப்பு நட்டு, இரண்டு பக்கமும் படுக்கையாகக் கம்புகள் கட்டி, நடுவில் களிமண் குழைத்து அப்பிய வீடு. அந்தப் படுக்கைக் கம்புகளுக்குப் பெயர் வரிச்சு. மேலே வளை, கைமரம், அதற்கு மேல் கிடுகு. நிலத்தில் போகிற கப்பின் அடியை நெருப்பில் கருக்கி நடுவார்கள், கறையான் கிட்ட வராமல் இருக்க. காட்டு மரத்தில் பாலை, வீரை, முதிரை என்றால் கப்பு பல காலம் தாங்கும்.

சிங்களத்திலும் இந்தச் சுவரை 'வரிச்சி' என்றுதான் சொல்கிறார்கள். ஒரே சொல், ஒரே சுவர். மொழி மாறினாலும் வீடு கட்டிய கைகள் ஒன்றையொன்று பார்த்துத்தான் கட்டியிருக்கின்றன.

சொற்களைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தோண்டினோம். கப்பு, வளை, வரிச்சு, கைமரம் எல்லாம் தமிழ். ஆனால் தீராந்தி போர்த்துக்கீசச் சொல்லில் இருந்து வந்தது. ஜன்னல் போர்த்துக்கீசம். குசினி போர்த்துக்கீசம். குழி தோண்டுகிற அலவாங்கும் அப்படித்தான். மேசன்மாரை நாங்கள் 'பாஸ்' என்று கூப்பிடுவது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். சுவரின் எலும்புக்கு எங்களிடமே பெயர் இருந்திருக்கிறது. ஜன்னலும் குசினியும் கப்பலில் வந்த பெயர்களோடு நிற்கின்றன.

அந்தக் காலத்து வீட்டைப் பற்றி எழுதிவைத்த ஒருவர் ரொபர்ட் நொக்ஸ். புயலில் உடைந்த பாய்மரத்தை மாற்ற வேண்டித் திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரத்தில் ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலில் வந்தவர். 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டு, கிட்டத்தட்ட இருபது வருடம் இந்தத் தீவில் கைதியாக வாழ்ந்தார். 1681இல் லண்டனில் அவருடைய நூல் வெளிவந்தது. கண்டி இராச்சியத்துச் சனங்களின் வீடுகளை அவர் விவரிக்கிறார்: கம்பு கட்டிக் களிமண் பூசிய, தாழ்வான, ஓலை வேய்ந்த வீடுகள். ஓடாவியைக் கூப்பிடாமல் அவரவர் வீட்டை அவரவரே கட்டிக்கொள்வார்கள். ஒரு ஆணிகூட இல்லை, எல்லாவற்றையும் பிரம்பாலும் கொடியாலும் கட்டியே நிறுத்துவார்கள்.

அதோடு இன்னொன்றும் சொல்கிறார். சாதாரண சனங்களுக்கு மாடி கட்ட அனுமதி இல்லை. ஓடு போட அனுமதி இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கவும் அனுமதி இல்லை.

அதை வாசித்தபோது எங்களுக்கு மூத்தம்மாவின் முகம்தான் வந்தது. நொக்ஸ் எழுதியது மலைநாட்டைப் பற்றி. ஆனால் அன்று மட்டக்களப்புப் பக்கமும் கண்டி மன்னரின் அதிகாரத்தை ஏற்றிருந்த காலம்தான். போர்த்துக்கீசர் தங்கள் ஆதிக்கத்தில் இருந்து முஸ்லிம்களை விரட்டியபோது செனரத் மன்னன் சுமார் 4,000 பேரை இந்தக் கரையில் குடியேற்றினான் என்று எங்கள் ஊர் வரலாறுகள் எல்லாம் தொடங்குவதும் அதே காலத்தில்தான். மண்சுவர் ஏழையின் சுவர் என்ற எண்ணம் தானாக வளர்ந்ததில்லை. ஒரு காலத்தில் அதற்குச் சட்டமே இருந்திருக்கிறது. வெள்ளைச் சுவரும் ஓட்டுக் கூரையும் அதிகாரத்தின் நிறம்.

சிக்காகோவில் ஒரு ஆணிக் கதை

நாங்கள் யூடியூப்பில் பார்த்த முறை வேறு ஊரில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரவீடு என்றால் பெரிய பெரிய உத்திரங்கள். ஒன்றில் துளை, மற்றதில் நாக்கு என்று செதுக்கிப் பொருத்துவார்கள். தேர்ந்த ஓடாவி இல்லாமல் முடியாது. 1830களில் சிக்காகோ பக்கத்தில் மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி வெறும் ஆணியால் அடிக்கிற முறை பரவியது. நீராவியில் ஓடும் மர ஆலைகள் ஒரே அளவுச் சட்டங்களை அறுத்துத் தள்ளின. இயந்திரத்தில் வெட்டிய ஆணி மலிவாகக் கிடைத்தது. இரண்டும் சேர்ந்தபோது பெரிய பயிற்சி இல்லாதவனும் வீடு கட்டலாம் என்றாகிவிட்டது. அதற்கு 'பலூன்' சட்டம் என்று பெயர். காற்றடித்தால் பலூன் மாதிரிப் பறந்துவிடும் என்று பழைய ஓடாவிமார் கேலி செய்து வைத்த பெயர் என்று சொல்வார்கள்.

அந்த முறையில் கால்கள் அடித்தளத்தில் இருந்து கூரை வரை ஒரே நீளமாகப் போகும். இடைவெளி புகைபோக்கி மாதிரி நெருப்பை மேலே இழுத்துவிடும். பிறகு ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியாகக் கட்டி முடித்து, அதன் மேல் அடுத்ததை ஏற்றுகிற முறை வந்தது. இன்று வட அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகள் அப்படித்தான். அதாவது உலகத்தின் மிகப் பணக்கார நாட்டில் நடுத்தரக் குடும்பம் ஆயுள் முழுக்கக் கடன் கட்டி வாங்குகிற வீடு, உள்ளே திறந்து பார்த்தால், நாங்கள் 'கொட்டில்' என்கிற அதே சட்டம்தான். மூத்தம்மாவிடம் இதைச் சொன்னோம். "அங்க போய் இரிங்க" என்றார்.

1978: கூரை போச்சு, கப்பு நிண்டது

1978 நவம்பர் 23. அந்தத் திகதியை மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் எழுபது வயதைத் தாண்டிய எவரும் மறக்கமாட்டார்கள். அந்த இரவு அடித்த சூறாவளியில் 900க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சுமார் பத்து லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். 250,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமாயின. தென்னந்தோட்டங்கள் படுத்துவிட்டன. மூத்தப்பாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும், கலியாணம் முடித்து இரண்டு வருடம்.

"காத்து மொதல்ல சுவர்ல அடிக்கிறல்ல. கூரயத்தான் தூக்கும்" என்றார். இது பௌதிகமும்தான். கூரைக்கு மேலே வேகமாக ஓடுகிற காற்று அதை மேலே உறிஞ்சும். கீழே கதவு ஜன்னல் வழியாகப் புகுந்த காற்று உள்ளிருந்து தள்ளும். கூரை போனதும் சுவர் தனித்துப்போகும். அவர்களுடைய மண்வீட்டில் கிடுகு அத்தனையும் பறந்தது. மழையில் களிமண் கரைந்து ஓடியது. விடிந்து பார்த்தபோது கப்பும் வரிச்சும் மட்டும் எலும்புக்கூடு மாதிரி, கொஞ்சம் சாய்ந்து, நின்றிருக்கின்றன. பக்கத்து வளவில் புதிதாகக் கட்டிய கல்வீட்டின் முகட்டுச் சுவர் உள்ளே விழுந்திருக்கிறது.

"நாங்க கயிறு போட்டு இழுத்து நிமித்தினம். ஒரு மாசத்தில களிமண் குழச்சுத் திரும்ப அப்பினம். அவங்க கல்லுக்குக் காசு தேடி ரெண்டு வருசம் போச்சு."

ஒரு வீட்டின் கதையை வைத்து எல்லா மண்வீடும் தப்பியது என்று நாங்கள் எழுத வரவில்லை. அன்று ஆயிரக்கணக்கான ஓலைவீடுகள் தரைமட்டமாயின. மூத்தப்பாவே அதைச் சொன்னார். அவர் சொன்ன பாடம் வேறு: எது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார். கூரை மேல் சட்டத்தோடு, மேல் சட்டம் காலோடு, கால் கீழ்ச் சட்டத்தோடு, கீழ்ச் சட்டம் நிலத்தோடு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் கல்லாக இருந்தாலும் மரமாக இருந்தாலும் ஒன்றுதான். எங்கள் குசினியில் கைமரம் மேல் சட்டத்தில் உட்காருகிற ஒவ்வொரு இடத்திலும் தகட்டுப் பட்டி வைத்து அடிக்கச் சொன்னது அதனால்தான்.

வந்த மாப்பிள்ளை

ஆனால் அந்த மண்வீட்டை மூத்தப்பாவே 1980களில் இடித்துக் கல்வீடு கட்டினார். ஏன்?

"மகள் வளந்துட்டாள்" என்றார். அவ்வளவுதான் பதில்.

எங்கள் கரைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் வீடு பெண்ணுக்குப் போகிறது. கலியாணத்துக்கு முன் மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். பல குடும்பங்களில் பெற்றோர் தாங்கள் இருந்த வீட்டையே மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்குவார்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1970களில் இருந்து அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து எழுதியவற்றில் இந்த வழக்கம் ஒரு முக்கிய இழை. 'இது உங்கட மூத்தம்மாட ஊடு, நான் வந்த மாப்பிள்ளை' என்று மூத்தப்பா பகிடியாகச் சொல்வார். பகிடி இல்லை, உறுதியிலும் அப்படித்தான் இருக்கிறது.

இப்படி வீடு சீதனமாக இருக்கிற ஊரில், சுவர் என்ன பொருள் என்பது வெறும் கட்டடக் கேள்வி இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள். கல்லா, மண்ணா? ஓடா, கிடுகா? எத்தனை அறை? மத்திய கிழக்குக்குப் போனவர்களின் காசு ஊருக்கு வரத் தொடங்கியதும் அளவுகோல் இன்னும் உயர்ந்தது. வாப்பாமார் கடலிலும் வயலிலும் கடையிலும் உழைத்தது, சில வீடுகளில் உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் போனது, எல்லாம் இந்தக் கல்லுக்காகத்தான். மண்ணையும் மரத்தையும் வைத்துக்கொண்டு மகளைக் கரைசேர்க்க முடியாது என்றானது. தன் கைத்தொழிலை நன்றாகத் தெரிந்த ஓடாவிகூட மகளுக்கு அந்தத் தொழிலால் வீடு கட்டவில்லை.

மரமும் அரிதாகிக்கொண்டு போனது. யுத்த காலத்தில் மேற்கே காட்டுக்குப் போவதே உயிராபத்து. 1990இல் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்கு மரம் தறிப்பதை அரசாங்கம் நிறுத்தியது. காட்டுக்கு அது நல்லது, சந்தேகமில்லை. ஆனால் பாலையும் முதிரையும் இனி வரிச்சுக்கோ கப்புக்கோ வராது. ஓடாவிமார் கதவு, ஜன்னல், அலுமாரி என்று சுருங்கினார்கள். சுவர் முழுக்க முழுக்க மேசனின் வேலையானது.

200 சதுர அடி

பிறகு கடல் வந்தது. இலங்கையில் 35,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டங்களில் மிக அதிகமாக இழந்தது அம்பாறை, 10,000க்கும் மேல். மருதமுனையில் இருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கடலுக்கும் பிரதான வீதிக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கட்டிய வளவுகள் ஒன்றும் மிஞ்சவில்லை. அலைக்கு முன்னால் மரமும் நிற்கவில்லை, கம்பி போடாத கல்லும் நிற்கவில்லை. சீதனத்துக்கென்று ஆயுள் முழுக்கக் கட்டிய சுவர்கள் சில நிமிடத்தில் போயின.

அடுத்த ஒரு வருடத்துக்குள் நாடு முழுக்க 50,000க்கும் மேற்பட்ட இடைக்காலக் கொட்டில்கள் எழுந்தன. ஐ.நா. அகதிகள் நிறுவனம் ஒருங்கிணைத்த அந்த வேலையில் ஒரு குடும்பத்துக்குக் குறைந்தது 200 சதுர அடி என்பது அளவு. வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவாக ஒரு சட்டம், பலகையோ தகடோ சுவர், மேலே தகரம். இரண்டு தலைமுறைக்கு முன் நாங்கள் கைவிட்ட சட்டச் சுவர் இப்படித்தான் எங்களிடம் திரும்பி வந்தது, லொறியில், 'தற்காலிகம்' என்ற பெயரோடு. பழைய மண்சுவரில் இருந்த குளிர்ச்சி அதில் இல்லை. கிடுகு தந்த நிழலும் இல்லை. எலும்பு மட்டும் அதே எலும்பு.

தற்காலிகம் என்றால் எவ்வளவு காலம்? அங்கேதான் எல்லாம் சிக்கியது. கடலோரத்தில் திரும்பக் கட்டக் கூடாது என்று அரசாங்கம் எல்லை போட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், எங்களுக்கு, வடக்கு கிழக்குக்கு, 200 மீற்றர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல், நடுவில் ஒரு பட்டி நிலம் என்று இருக்கிற ஊர்களில் 200 மீற்றரை எடுத்தால் மிச்சம் என்ன? பிறகு எல்லையைத் தளர்த்தினார்கள். மருதமுனையில் ஒரு குடியிருப்புக்குப் பெயரே '65 மீற்றர் வீட்டுத்திட்டம்'. அளவுநாடா ஊர்ப் பெயராகிவிட்டது.

சொந்தக் காணி இருந்தவர்களுக்கு, முழுதாக உடைந்த வீட்டுக்கு 250,000 ரூபா, நான்கு கட்டமாக. குறைந்தது 500 சதுர அடி வீடு கட்ட வேண்டும். காணி இல்லாதவர்கள், எல்லைக்குள் இருந்தவர்கள், வீட்டுத்திட்டத்துக்குக் காத்திருந்தார்கள். அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் நுரைச்சோலையில் சவூதி உதவியில் 500 வீடுகள் எழுந்தன. யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கட்டி முடித்த வீடுகள் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்து காடு மண்டின. பலகைக் கொட்டிலில் ஆட்கள், கல்வீட்டில் பற்றை.

இன்னொரு விஷயம் மெதுவாகத்தான் எங்களுக்குப் புரிந்தது. உதவி வீடுகளின் பத்திரம் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' பெயரில் எழுதப்பட்டது. தலைவர் என்றால் படிவத்தில் ஆண்தான். எங்கள் கரையில் வீடு பெண்ணுடையது என்று படிவம் அடித்தவர்களுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் தேவைப்படவில்லை. அலையில் போனது மூத்தம்மாவின் வீடு. திரும்பி வந்த பத்திரத்தில் மூத்தப்பாவின் பெயர். அதை மகள் பெயருக்கு மாற்ற அவர்கள் எத்தனை தடவை கந்தோர் ஏறினார்கள் என்பதை மூத்தம்மா விரல் விட்டு எண்ணிக் காட்டினார். எண்ணும்போது ஒரு கை போதவில்லை.

அப்போதுதான் "எனக்கு வேணாம்" என்ற அந்தப் பதிலின் பாரம் எங்களுக்குப் பிடிபட்டது. அவர் வெறுத்தது மரத்தை இல்லை. தன் பெயர் இல்லாத சுவருக்குள் அடுத்தவர் போட்ட அளவில் வருடக்கணக்காகக் காத்திருந்ததை.

வேறு ஒரு பெயர் வைத்திருந்தால்

சுனாமி வந்து பத்து மாதம் ஆவதற்குள், 2005 ஒக்டோபர் 8இல், காஷ்மீரில் பெரிய பூமியதிர்ச்சி வந்தது. அங்கே பழைய முறை ஒன்று உண்டு, 'தஜ்ஜி' என்பார்கள். மரச் சட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் சாய்வுக் கட்டைகள் அடித்து, இடையில் கல்லும் மண்ணும் அடைக்கிற சுவர். ஒட்டுத்துணி தைத்த மாதிரி இருக்கும், பெயருக்கும் அதுதான் கருத்து. பூமி ஆடியபோது கொங்கிறீட்டும் கல்லும் நொறுங்கிய இடங்களில் இந்தச் சுவர்கள் பல நின்றன. பாகிஸ்தானின் மீள்கட்டுமான அதிகாரசபை அடுத்த வருடமே தஜ்ஜியை நிரந்தர வீட்டுக்கான முறையாக ஏற்றுக்கொண்டது. அப்படிக் கட்டினாலும் உதவிப் பணம் உண்டு. வயதான ஓடாவிமார் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அங்கே ஆபத்து நிலநடுக்கம், இங்கே கடலும் காற்றும். இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் ஒரு கேள்வி எங்களை விடவில்லை. அங்கே அனர்த்தத்துக்குப் பிறகு மரச்சட்டம் 'நிரந்தரம்' ஆனது. இங்கே 'தற்காலிகம்' ஆனது. 2005இல் எங்கள் ஊர் ஓடாவிமாரை உட்காரவைத்து, 1978இல் உங்கள் வீட்டில் எது நின்றது என்று யாராவது கேட்டிருந்தால்? மூத்தப்பாவிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. கொட்டில் கட்ட வந்தவர்கள் அவரைக் கூலிக்குக் கூப்பிட்டு ஆணி அடிக்க மட்டும் விட்டார்கள். அந்தக் கொட்டில்களில் சாய்வுக் கம்பு இல்லாததைப் பார்த்து அவர் சொன்னாராம். படத்தில் இல்லை என்று பதில் வந்ததாம்.

நாங்கள் பழையதெல்லாம் பொன் என்று சொல்லவில்லை. மண்வீட்டில் பாம்பும் வந்தது, வருடா வருடம் பூச வேண்டியும் இருந்தது. பூசியது பெண்கள்தான். கல்வீடு வேண்டும் என்று மூத்தம்மா நினைப்பது பகட்டு இல்லை, உரிமை. ஆனால் சீமெந்து எட்டாத விலைக்குப் போன பிறகும் கல்லைத் தவிர வேறு எதுவும் வீடு இல்லை என்று நாங்கள் நின்றால், குமர்ப்பிள்ளை உள்ள வீடுகளில் அந்தப் பாரம் யார் தலையில் இறங்கும் என்று தெரியும். மூத்தப்பாவின் முதல் கேள்வி அதற்கும் பொருந்தும்.

குசினி பதினோரு நாளில் முடிந்தது. முதல் இரண்டு சுவரும் கொஞ்சம் கோணல், அடுத்த இரண்டும் நேர். கூரைக்குத் தகரம்தான். ஆனால் அதற்குக் கீழே கிடுகு ஒரு வரி போட்டோம், வெக்கை குறைய. மூத்தம்மா முதல் மூன்று நாள் உள்ளே போகவில்லை. நாலாம் நாள் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்தார். கையால் சுவரைத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

"ஆடல்ல" என்றார் மூத்தப்பாவைப் பார்த்து. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இப்படியே பலகையாத் தெரிய உடாதீங்க மனே, வெள்ள அடிச்சு உடுங்க" என்றார்.

அடுத்த நாள் காலையில் சுண்ணாம்பு வாங்கி வந்து, உள்ளுக்கும் வெளிக்கும் இரண்டு தடவை அடித்தோம்.